நிறைந்த பீப்பாய் வேலைக்கு ஆகாது: ஆறு வருட மழைநீர்ப் பீப்பாய் அனுபவம்

கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீப்பாய் வைத்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடமும் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். தப்பு என்று உறைத்தது மூன்றாம் வருடத்தில்தான்.

நான் வாங்கிய காரணம் தோட்டம் இல்லை. எங்கள் கூரையின் ஒரு பக்கத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரே குழாய் வழியாக இறங்கி, சிமெண்டு பாதையில் ஓடி, நேரே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கனமழை என்றால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் நம் பங்கையாவது குறைப்போமே என்று 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை அந்தக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.

வைப்பதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கை வைத்த பிறகுதான் போட்டேன். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். அந்தப் பக்கத்துக் கூரை 40 சதுர மீட்டர். நனைவது, சிதறுவது என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 6 மி.மீ. மழைக்கே பீப்பாய் நிறைந்துவிடும். 50 மி.மீ. பெய்தால் வருவது சுமார் 1,800 லிட்டர். என் பீப்பாய் அதில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டாவது பீப்பாய் ஒன்றை வாங்கி, அடியில் குழாய் போட்டு இரண்டையும் இணைத்தேன். அப்படி இணைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கும். ஆக மொத்தம் 400 லிட்டர், சுமார் 11 மி.மீ. மழைக்குத் தாங்கும்.

பீப்பாய் விளிம்புவரை நிறைந்து நிற்பதைப் பார்க்க அத்தனை திருப்தி. செலவழிக்க மனசே வராது. அடுத்த வெயில் காலத்துக்கு ஆகும் என்று மூடியே வைத்திருப்பேன். மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தபோது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கூரையிலிருந்து என்ன வேகத்தில் இறங்குகிறதோ அதே வேகத்தில் பீப்பாயிலிருந்து வழிந்து, அதே சிமெண்டு பாதையில், அதே தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரத்து மழையிலேயே பீப்பாய் நிறைந்துவிட்டது. இந்த மழைக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சேமிப்பவருக்குப் பீப்பாய் நிறைந்திருக்க வேண்டும். தெருவுக்குப் போகும் தண்ணீரைக் குறைக்க நினைப்பவருக்கு, மழை தொடங்கும்போது அது காலியாக இருக்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் டேப்பைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துச் சொட்ட விட்டுப் பார்த்தேன். மறுநாளே இலைத்தூள் அடைத்துக்கொண்டது. அப்புறம் பீப்பாயின் பாதி உயரத்தில் தனியாக ஒரு குழாய் வைத்து, அதன் வாயை மூடி, மூடியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டேன். உள்பக்கம் சின்ன வலை. இரண்டு பீப்பாயிலும் சேர்த்து மேல்பாதியில் நிற்கும் 200 லிட்டரும் ஏறக்குறைய ஒரு நாளில் செடிப்பாத்திக்குள் மெல்ல வடிந்துவிடும். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால் கடைசிக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே போகும், அது பரவாயில்லை. கீழ்ப்பாதி செடிகளுக்கு. தொடர்ந்து மழை பெய்யும் மாதங்களில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? அப்போது கீழ் டேப்பையும் திறந்து முழுவதும் வடித்துவிடுவேன். இந்த வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பொருள்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

இருந்தாலும் பீப்பாய் வெள்ளத்தைத் தடுக்கும் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம். சிறு தூறல்களை முழுதாக விழுங்கும். பெருமழையில் முதல் பகுதியைப் பிடிக்கும். மழை உச்சத்துக்குப் போகும்போது பெரும்பாலும் அது நிறைந்திருக்கும். அதனால்தான், வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பீப்பாயின் கொள்ளளவைவிட முக்கியமாக நினைக்கிறேன். வழிதல் குழாய் உள்ளே வரும் குழாயின் அளவுக்காவது இருக்க வேண்டும். என் பீப்பாயோடு வந்தது விரல் தடிமன் குழாய். பெருமழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு சுவர் ஓரமாகவே கொட்டி, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணை அரித்துவிட்டது. இப்போது பெரிய குழாய் போட்டு, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சரளைக்கல் பரப்பிய ஒரு தாழ்வான பாத்தியில் விட்டிருக்கிறேன். அங்கே தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. உண்மையைச் சொன்னால், தெருவுக்குப் போகும் தண்ணீரைக் குறைத்ததில் பீப்பாய்களைவிட இந்தப் பள்ளத்துக்குத்தான் பங்கு அதிகம்.

அடுத்தது மேடை. 200 லிட்டர் என்றால் 200 கிலோ, பீப்பாயின் எடை தனி. நான் வெறும் மண்மேல் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தேன். இரண்டாவது மழையில் மண் இளகி ஒரு பக்கம் இறங்கி, பீப்பாய் சுவரில் சாய்ந்துகொண்டது. குழாய் இணைப்பு பிய்ந்ததோடு போயிற்று. அந்த நேரத்தில் பக்கத்தில் குழந்தை நின்றிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது மண்ணைத் தோண்டிச் சரளை போட்டு இடித்து, மேலே கல் பலகை, அதன்மேல் சிமெண்டு பிளாக், போதாததற்குச் சுவரோடு ஒரு பட்டையும் கட்டியிருக்கிறேன். மூடிக்கும் பூட்டு உண்டு.

கொசு விஷயத்துக்கு வருவோம். முதல் வருடம் பக்கத்து வீட்டு அம்மா வந்து, "தம்பி, உங்க டிரம்முலேர்ந்துதான் கொசு வருது, ராத்திரி தூக்கமே இல்ல" என்றார். நான் வலை போட்டிருக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லி மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே கூத்தாடிப் புழு குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வலையில் குற்றமில்லை, வலைக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. வழிதல் குழாயின் வாயும் திறந்தே கிடந்தது. இரண்டையும் அடைத்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிக் காயப்போட்டாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைப் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவை வைத்துச் செய்த மாத்திரையையும் பொட்டலத்தில் சொன்ன அளவில் போடுகிறேன். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்த பாக்டீரியா அது. புழுக்களைக் கொல்லும், செடிக்குக் கெடுதல் இல்லை. அந்த அம்மா இப்போதும் மாதம் ஒருமுறை வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். பார்க்கட்டும், எனக்கும் அது நல்லதுதான்.

மற்றவை பெரிய விஷயம் இல்லை. வெளிர்நிறப் பீப்பாய் வாங்காதீர்கள். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். என் முதல் பீப்பாய்க்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. டேப் அடியிலிருந்து நாலு விரல் மேலே இருக்கட்டும், வண்டல் கீழே தங்கிவிடும். தண்ணீரின் அழுத்தத்தை நம்பி ஸ்பிரிங்ளர் வாங்கினேன், அது தும்மக்கூட இல்லை. 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பூவாளி பிடிக்க அது போதும். இந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்கத் தொடுவதே இல்லை. கூரையில் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். கீரை, சாலட் மாதிரி பச்சையாகத் தின்பவற்றின் இலைமேலும் தெளிப்பதில்லை, வேரில் ஊற்றுவதோடு சரி. பல நாள் இடைவெளிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் 1 மி.மீ. பீப்பாய்க்குள் போகாமல் திருப்பிவிட ஒரு குழாய் வைத்தேன். வண்டல் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது. நான் அளந்து பார்க்கவில்லை, கழுவும்போது கைக்குத் தெரிகிறது.

ஆறு வருடத்தில் டேப் வாஷர் இரண்டு தடவை மாற்றினேன். வெயில் பட்டு ஒரு மூடி வெடித்தது. பீப்பாயின் உடல் இன்னும் திடமாகவே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை முழுக்கக் காலி செய்து கழுவ அரை நாள் போகும், இலை உதிரும் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை வலையைத் துடைக்க வேண்டும். இது முடியாது என்பவர்கள் பீப்பாயை விட்டுவிட்டுக் குழாயைத் திருப்பிப் பாத்தியில் விட்டாலே பாதிப் பலன் கிடைக்கும்.

மூன்றாவது பீப்பாய்க்கு இடம் பார்த்து வைத்திருந்தேன். போன மழைக்காலத்துக்கு முன்பு அந்த இடத்தில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, சரளைப் பள்ளத்தை இன்னும் ஒரு மீட்டர் நீட்டினேன்.