விறகு அடுப்புத் தெர்மாமீட்டர்: பச்சைப் பட்டையை அப்படியே நம்பிவிடாதீர்கள்

அறையைச் சூடாக்க விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை தீ மூட்டும்போதே உங்கள் தெர்மாமீட்டரைச் சோதித்துவிடுங்கள். புகைக்குழாயில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்ட டயல் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். பொய் சொல்லும் அந்த முள்ளை நம்பித் தீ எரித்ததில் புகைபோக்கியே பற்றியிருக்கும், அதுதான் ஆறவில்லை.

இந்த டயல்களில் மூன்று பட்டைகள் இருக்கும். ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்புக்கு, சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கிரியோசோட் (புகை குளிர்ந்து குழாயின் உட்புறம் ஒட்டும், தீப்பற்றக்கூடிய கரிப்பிசின்) படியும் என்று ஒரு பட்டை; அதற்கு மேல் ஏறத்தாழ 240 வரை நல்ல எரிப்பு; அதையும் தாண்டினால் அதிகச் சூடு. என் டயலில் முள் எப்போதும் நடுவிலிருந்த பச்சையிலேயே நின்றது. ஆனால் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்ததும் முகம் மாறினார். சாதாரணக் கரி அல்ல. வார்னிஷ் பூசியதுபோல் மினுமினுக்கும் கறுப்புப் படலம். பிரஷ்ஷால் தேய்த்தால் வராது. அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1000 டிகிரிக்கு மேல் போய்விடும்.

ஈர விறகா எரிக்கிறீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். கட்டைகளைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரமானியைக் குத்திப் பார்த்தோம். எல்லாமே 20 சதவீதத்துக்குக் கீழேதான். காற்றுத் துவாரத்தையும் மூடி வைத்ததில்லை. மிச்சமிருந்தது தெர்மாமீட்டர்தான்.

ஓவனில் வைத்துப் பார்த்தேன். 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தபின் முள் 210-ஐத் தொட்டது. விற்றவருக்கு எழுதினேன். "இது பரப்பை அளக்கும் கருவி, ஓவன் சோதனை பொருந்தாது" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. குழாயில் ஒட்டியிருக்கும்போது டயலின் முதுகில்தான் சூடு; முகத்தில் அறைக் காற்று படுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டும்படி அளவு குறித்திருந்தால், நாலாபுறமும் சூடான ஓவனுக்குள் அது கூடுதலாகத்தான் காட்டும். ஓவனில் கொஞ்சம் பிசகியது என்பதற்காக நல்ல கருவியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அதனால் குழாயிலேயே சோதித்தேன். கே வகைத் தெர்மோகப்பிள் (நுனி தொடும் இடத்தின் சூட்டை மின்சாரத்தால் அளக்கும் கம்பி) ஒன்றின் நுனியை டயலுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், திருகி இறுக்கும் உலோக வளையத்தால் குழாயோடு அழுத்திக் கட்டினேன். நுனி பரப்பைத் தொடாமல் தொங்கினால் அளவு குறைந்துவிடும், அதில் கவனம் வேண்டும். தீ ஒரே சீராக எரியும்வரை காத்திருந்தேன். காந்த டயல் சூட்டைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், அவசரப்பட்டால் ஒப்பீடே தப்பு. டயல் 180 காட்டியது. தெர்மோகப்பிளில் 115. கண்ணுக்குப் பச்சை, குழாய்க்குக் கிரியோசோட்! இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டராலும் பார்த்தேன். பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்த இடத்தில், கருவியில் கதிர்வீச்சுத் திறனை (பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தை வீசுகிறது என்ற எண்) 0.95-இல் வைத்து, கிட்டத்தில் பிடித்தபோது அதுவும் தெர்மோகப்பிளை ஒட்டியே வந்தது. பளபளக்கும் எஃகுக் குழாயில் மட்டும் இன்ஃப்ராரெட்டை நம்பவே கூடாது, மிகவும் குறைத்துக் காட்டும்.

டயலைத் திருப்பிப் பார்த்தேன். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய மெல்லிய பட்டைச் சுருள். அதன் திருகலில்தான் முள் நகர்கிறது. சுருளைப் பிடித்திருக்க வேண்டிய தறையாணி விரல் பட்டாலே ஆடியது. லேசாகத் தட்டினால் முள் ஒரு கோடு தாவி நின்றது.

அளவுகளையும் படங்களையும் அனுப்பினேன். மாற்றாக வந்த டயலும் அதே ரகம், அதே பிசகு. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "சூடு பட்ட தடம் இருக்கிறது, பயன்படுத்திய பொருள்" என்று கையை விரித்துவிட்டார். அடுப்பில் ஒட்டுவதற்கென்றே விற்ற பொருளைச் சூடு படாமல் எப்படிச் சோதிப்பது? எத்தனை டிகிரி பிசகுவரை ஏற்பீர்கள் என்று கேட்டேன். "இது ஒரு தோராய வழிகாட்டிதான்" என்பதே பதில். அட்டைப்பெட்டியில் "துல்லியம்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தவர்கள் சொல்லும் பதில் இது.

வாங்கப் போகிறவர்கள், சூடுபடுத்திய பிறகும் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பின் மேல்தட்டு, குழாய் இரண்டுக்கும் ஒரே வண்ணப் பட்டை என்று விற்றால் தொடாதீர்கள். இரண்டின் சூடும் வேறு. இரட்டைச் சுவர்க் குழாயில் காந்த டயல் வெளிச்சுவரைத்தான் அளக்கும். அதற்கு உள்ளே நுழையும் கம்பி வகை வேண்டும். அது புகையின் சூட்டை அளப்பதால் எண்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும், பழைய பட்டையை அதற்குப் பொருத்தக் கூடாது. குறைத்துக் காட்டும் டயலும் ஆபத்துதான்: முள் ஏறவில்லையே என்று விறகைத் திணித்துக்கொண்டே போனால் அடுப்பின் தட்டு வளைந்துவிடும்.

ஏற்கெனவே இந்த வகை டயலை நம்பி எரித்து வந்தவர்கள், டயலை மாற்றுவதற்கு முன் புகைபோக்கியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மினுமினுப்பு தெரிந்தால், அதை எடுத்து முடிக்கும்வரை தீ மூட்ட வேண்டாம்.