வீட்டுக்கல்விக்கு எந்தக் கூட்டத்தோடு சேர்வது? டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அலசல்

டெக்சாஸில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது, காகித வேலை என்று பார்த்தால், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் சொன்ன தீர்ப்புதான் இன்றைக்கும் அடிப்படை. வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது ஆகிய ஐந்தையும் ஒரு பாடத்திட்டம் வைத்து ஒழுங்காக நடத்தினால் போதும். நியூயார்க்கில் இருப்பவர்கள் ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கை என்று பள்ளி மாவட்டத்துக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், இங்கே அந்தத் தொல்லை கிடையாது.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிள்ளை யாரோடு விளையாடும்? அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு ஒரு குழந்தையும் இருக்காது. அதனால்தான் ஏதாவது ஒரு குழுவில் சேர வேண்டியிருக்கிறது. ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: தேவாலயம் சார்ந்த கோ-ஆப் (பெற்றோர்களே சேர்ந்து வகுப்பு நடத்தும் கூட்டுறவுக் குழு), "எல்லாரும் வரலாம்" என்கிற பொதுக் குழு, எல்லாரையும் சேர்க்கும், பாடத்தில் மதம் கலக்காத செக்யூலர் கோ-ஆப், அப்புறம் ஆன்லைன் வகுப்போடு வார இறுதித் தமிழ்ப் பள்ளி. என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆனால் அதில் வேலை அதிகம், எல்லார் வீட்டுக்கும் ஒத்துவராது, நம் ஆட்களுக்குச் சில இடங்களில் உறுத்தவும் செய்யும்.

முதலில் தேவாலயம் சார்ந்தவை. நேர்மையாகச் சொன்னால் ஒழுங்கில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கல்வி 80-களில் பெருகியதில் கிறிஸ்தவக் குடும்பங்களின் பங்கு ரொம்பப் பெரியது. எச்எஸ்எல்டிஏ என்ற சட்ட உதவி அமைப்பு 1983-லேயே தொடங்கியது, 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. இத்தனை வருட உழைப்பு அவர்கள் குழுக்களில் தெரியும். அறை இருக்கும், ஆள் இருக்கும், அட்டவணை ஆகஸ்டுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் ஓர் உதாரணம். 1997-ல் வட கரோலினாவில் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 24 வாரம், வாரம் ஒரு காலை. வரலாறு, அறிவியல், லத்தீன், புவியியல் எல்லாவற்றையும் பாட்டாகவும் வாய்ப்பாடாகவும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள், அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும். ஒப்பித்தே வளர்ந்த நமக்கு இது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கடவுளை அறிவதும் அறியச் செய்வதும்தான் தங்கள் நோக்கம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன்.

பல கிறிஸ்தவ கோ-ஆப்களில் விசுவாச அறிக்கை என்று ஒரு தாள் நீட்டுவார்கள். வேதாகமம் பிழையற்றது, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மட்டும், இப்படி வரிசையாக இருக்கும், கீழே பெற்றோர் இருவரும் கையெழுத்திட இடம். சில குழுக்களில் பாடம் நடத்துகிறவர்களும் நிர்வாகிகளும் மட்டும் கையெழுத்திட்டால் போதும், மற்றவர்கள் "மதித்து நடப்போம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகையில் உங்கள் பிள்ளை வகுப்புக்குப் போகலாம், நீங்கள் வகுப்பு எடுக்க முடியாது, முடிவெடுக்கும் இடத்திலும் உட்கார முடியாது. கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். "வெறும் கையெழுத்துதானே, போட்டுவிட்டுப் போவோம்" என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்பாததில் அம்மா கையெழுத்திடுவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நல்ல வழியாகவே இருக்கலாம், ஆனால் கத்தோலிக்கர்கள் தாளை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள், சிலவற்றில் வேதாகமம் மட்டுமே அதிகாரம் என்கிற வரி உங்களையும் வெளியே நிறுத்திவிடும்.

அடுத்து, "எல்லாரும் வரலாம்" குழுக்கள். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாசலில் எந்தத் தாளும் இல்லை, நல்ல மனிதர்கள், பூங்காவில் கூட்டமாகக் கூடுவார்கள், பெரோ அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்து போவார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது, இன்னும் சொன்னால் பூங்காச் சந்திப்புக்கு இவற்றை விட நல்ல இடம் கிடைக்காது. சிக்கல் வகுப்பு என்று வரும்போது ஆரம்பிக்கிறது. யாரைச் சேர்ப்பது என்பதற்கு விதி வைத்தவர்கள், என்ன சொல்லிக்கொடுப்பது என்பதற்கு வைக்கவில்லை. உயிரியல் எடுக்க முன்வரும் அம்மா தன் வீட்டில் இருக்கும் புத்தகத்தைத்தான் கொண்டுவருவார், வீட்டுக்கல்விச் சந்தையில் அபேக்கா, அப்போலோஜியா போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்களின் புத்தகங்கள் நிறையப் புழங்குகின்றன. பரிணாமத்தை மறுத்துப் படைப்பைச் சொல்லும் புத்தகங்கள் அவை. அந்த அம்மா மேல் தப்பே இல்லை, அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் சேருவதற்கு முன் "எல்லாரும் வரலாமா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வருடம் அறிவியலுக்கு எந்தப் புத்தகம் வைத்தீர்கள்" என்று கேளுங்கள்.

சரி, செக்யூலர் கோ-ஆப். இவற்றுக்கு இப்போது தேவை கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 வசந்த காலத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களில் 5.4 சதவீதம் வீட்டுக்கல்வியில் இருந்ததாகவும், அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அது 11.1 ஆனதாகவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வு சொன்னது. கறுப்பினக் குடும்பங்களில் 3.3-லிருந்து 16.1. இப்படி வந்தவர்கள் எல்லாரும் மதத்துக்காக வந்தவர்கள் இல்லை. 2019-லேயே, ஏன் வீட்டில் படிக்க வைக்கிறீர்கள் என்று மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையம் கேட்டபோது 80 சதவீதம் பேர் பள்ளிச் சூழலைப் பற்றிய கவலையைச் சொன்னார்கள், மதக் கல்வியைச் சொன்னவர்கள் 59 சதவீதம்.

செக்யூலர் என்றதும் நாத்திகர் சங்கம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். வருகிறவர்களில் யூதர் உண்டு, முஸ்லிம் உண்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் உண்டு. வீட்டில் யார் எதைக் கும்பிடுகிறார்கள் என்பது கோ-ஆப்பின் விஷயம் இல்லை. வகுப்பில் பாடம் மட்டும் பாடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரியல் சயின்ஸ் ஒடிசி, பில்ட் யுவர் லைப்ரரி மாதிரி மதம் கலக்காத பாடத்திட்டங்கள் இந்த வட்டாரங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால் இவர்களில் பலர் கூடுவதும் ஒரு தேவாலயத்தில்தான், எந்த நம்பிக்கைக்காரரையும் ஏற்றுக்கொள்ளும் யூனிட்டேரியன் யுனிவர்சலிஸ்ட் சபைக்காரர்கள் வார நாளில் காலியாகக் கிடக்கும் அறைகளை வாடகைக்குத் தருவார்கள்.

வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆந்தை தின்று செரிக்காமல் கக்கிய உருண்டையை ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள், கிருமி நீக்கிப் பொட்டலம் கட்டியே விற்கிறார்கள். பிள்ளைகள் இடுக்கியும் பல்குச்சியும் வைத்து ரோமத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் எலியின் மண்டை, தாடை, விலா என்று எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டி முழு எலும்புக்கூடாக அடுக்க வேண்டும். சைவ வீட்டுப் பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொள்ளும், அப்புறம் தாடை எலும்புக்குச் சண்டை போடும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதை நாம் செய்வோமா?

இங்கே நமக்கு உறுத்தக்கூடிய இரண்டு விஷயங்கள். எல்லாரையும் சேர்ப்பது என்றால் உண்மையாகவே எல்லாரும்தான். இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பம் இருக்கும், திருநர் பிள்ளை இருக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளை வகுப்பு நடுவில் எழுந்து நடக்கும். விசுவாச அறிக்கை நம்மை வெளியே நிறுத்தியதற்கு வருத்தப்பட்டு இங்கே வந்துவிட்டு, இங்கே இருப்பவர்களைப் பார்த்து முகம் சுளித்தால் அது நியாயமே இல்லை. இரண்டாவது, விதி நமக்கும் உண்டு. பொங்கலன்று கோலம் போடச் சொல்லிக் கொடுக்கலாம், தீபாவளி ஏன் கொண்டாடுகிறோம் என்று கதையாகச் சொல்லலாம். சுலோகம் சொல்ல வைக்க முடியாது, வாட்ஸ்அப்பில் வரும் "நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" வகை அறிவியலும் அந்த வகுப்புக்குள் நுழைய முடியாது. எனக்கு இது பெரிய நிம்மதி.

குறைகளும் நிறைய. எண்ணிக்கையில் இவை குறைவு, அரை மணிக்கும் மேல் வண்டி ஓட்ட வேண்டி வரலாம். பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது, ஏதாவது ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் உதவிக்கு நிற்க வேண்டும், மேஜை துடைக்க வேண்டும். பெற்றோர் பின்னணிச் சரிபார்ப்பு, அறை வாடகை, காப்பீடு, பொருள் செலவு எல்லாம் பங்கு பிரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று அம்மாக்களின் தோளில்தான் மொத்தக் குழுவும் நிற்கிறது, அவர்கள் களைத்துப்போனாலோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டாலோ குழு கலைந்துவிடும். எழுதி வைத்த விதிமுறை இருக்கிறதா, புகார் வந்தால் யார் தீர்ப்பது என்று முதல் நாளே கேட்பது அதனால்தான் முக்கியம். எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வகுப்பு எடுத்ததற்குப் பணமோ கட்டணக் கழிவோ தருகிறோம் என்றால், குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கடைசி வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2015-ல் தொடங்கிய அவுட்ஸ்கூல் மாதிரித் தளங்களில் வகுப்பு வகுப்பாகப் பணம் கட்டிச் சேரலாம், மதப் பிரச்சாரம் கூடாது என்பது அங்கே விதி. தமிழுக்கு வார இறுதிப் பள்ளி, வேண்டுமானால் சின்மயா மிஷன் நடத்தும் பாலவிகார் என்ற இந்து சமய வகுப்பு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நடைமுறையில் சாத்தியமானது இதுதான். ஆனால் தமிழ்ப் பள்ளியில் கிடைக்கும் நண்பர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை அவரவர் பள்ளியில் இருப்பார்கள், செவ்வாய் பதினோரு மணிக் கேள்வி அப்படியே நிற்கும்.

பணம் பற்றி: டெக்சாஸ் 2025-ல் நிறைவேற்றிய கல்விச் சேமிப்புக் கணக்குச் சட்டத்தின்படி 2026-27 முதல் தேர்வாகும் வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு வருடத்துக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். எந்தச் செலவுக்குச் செல்லும் என்பதற்கு விதிகள் உண்டு, கோ-ஆப் கட்டணத்தை இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

நான் சொல்லும் கலவை இது: வகுப்புக்குச் செக்யூலர் கோ-ஆப், ஓடியாடப் பொதுக் குழுவின் பூங்காச் சந்திப்பு, தமிழுக்கு வார இறுதி. பக்கத்தில் செக்யூலர் குழுவே இல்லையென்றால் மூன்று குடும்பங்கள் போதும், நகர நூலகத்தில் கூட்ட அறை கேட்டுப் பாருங்கள், வாரம் இரண்டு மணி நேரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு ஒருவர் அறிவியல், ஒருவர் கதை, ஒருவர் கணக்குப் புதிர் என்று ஆரம்பித்துவிடலாம். யார் எந்தப் புத்தகத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பதை மட்டும் முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள்.