‘வௌவால்களுக்கு உகந்தது’ என விற்கப்படும் வெளிப்புற விளக்கு: ஒரு மதிப்பீடு

மரங்கள் அடர்ந்த பகுதியை ஒட்டிய வீடுகளின் சுற்றுச்சுவரில் பொருத்துவதற்கென்றே ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) நிற எல்இடி விளக்குகள் விற்பனையாகின்றன. நான் வாங்கிப் பொருத்தியது, மேலே மூடியும் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாரும் உள்ள வகை. ‘வௌவால்களுக்கும் பூச்சிகளுக்கும் உகந்தது’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பூச்சிகளைப் பற்றிய பகுதியைப் பெருமளவு ஏற்கலாம். வௌவால்களைப் பற்றியதை அப்படியே ஏற்பதற்கில்லை.

வழக்கமான வெள்ளை எல்இடியின் ஒளியில் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் மிகுந்திருக்கும். அந்துப்பூச்சிகளை அதிகம் இழுப்பவை நீலமும் புறஊதாவும்தான். முன்பு அதே சுவரில் எரிந்த வெள்ளை விளக்கைவிட இதைச் சுற்றும் பூச்சிகள் கண்கூடாகக் குறைவு, ஆனால் அறவே இல்லாமல் போகவில்லை. பறக்கும் பூச்சிகள் முதுகை ஒளியின் பக்கம் திருப்ப முயல்வதால்தான் விளக்கருகே தடுமாறுகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. எனவே நிறத்தோடு ஒளி விழும் திசையும் முக்கியமாகிறது. மேலே செல்லும் ஒளியை மூடி நன்றாகவே மறைக்கிறது. பக்கவாட்டில் கண்ணாடி சற்றுத் துருத்திக்கொண்டிருப்பதால் மரக்கிளைகள்வரை வெளிச்சம் படர்கிறது. இது வடிவமைப்பின் குறை.

வௌவால்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற எண்ணத்தில் அந்த வாசகத்தை எழுதியிருக்கிறார்கள். பிப்பிஸ்ட்ரெல் போன்ற வேகமான சிறு வௌவால்கள் தெருவிளக்கைத் தேடி வந்தே வேட்டையாடும். வௌவாலின் மீயொலி கேட்டதும் விலகித் தப்பும் அந்துப்பூச்சிகள், பாதரச ஆவி விளக்கின் கீழ் அந்தத் தற்காப்பில் தளர்ந்துவிடுவதும் இந்த வௌவால்களுக்கு வசதியாகிறது. மரங்களுக்கிடையே மெதுவாகப் பறக்கும் இனங்களோ ஒளியைக் கண்டால் ஒதுங்குகின்றன. நெதர்லாந்தின் காட்டோரங்களில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான சோதனையில், இவ்வகையைச் சேர்ந்த நீள்காது வௌவால்களும் மயோட்டிஸ் என்ற பேரினத்து வௌவால்களும் வெள்ளை, பச்சை ஒளிகளைத் தவிர்த்தன. சிவப்பு ஒளியில் மட்டும் இருளில் போலவே நடமாடின. ஆம்பர் என்பது சிவப்பு அன்று. சோடியம் விளக்கின் ஆரஞ்சு ஒளியையே சிறு குதிரைலாட வௌவால்கள் தவிர்த்ததை பிரிட்டனில் நடந்த ஆய்வு 2009இலேயே காட்டிவிட்ட பிறகு, நிறத்தை மட்டும் காட்டி இப்படியொரு வாசகத்தை அச்சிடுவது மிகை.

காட்டுத் துண்டைச் சுற்றி வீடுகள் பெருகும்போது, வீட்டுக்கு ஒரு விளக்கு என்றாலும் இருண்ட ஓரமே எஞ்சாமல் போகும். இங்கிலாந்தின் தென்பகுதியில் தெருவிளக்கு விழும் வேலிப்புதர்களில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்ததை 2021இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. புழு குறைந்தால் அந்துப்பூச்சியும் குறைந்து, ஒளியை அண்டாத வௌவாலுக்கும் இரை குறையும்.

அதனால்தான் இவ்விளக்கில் நான் மதிப்பது சென்சாரையே. ஆள் வந்தால் எரிந்து அரை நிமிடத்தில் அணையும்படி வைத்துக்கொண்டால், இரவின் பெரும்பகுதி இருளாகவே கழிகிறது. வியப்பு என்னவென்றால், பெட்டியிலிருந்து எடுக்கும்போது இது இரவு முழுவதும் மங்கலாக எரியும் நிலையில்தான் இருக்கிறது. மாற்றும் முறை கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. அதைத் தேடி மாற்றுபவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். வெளிச்சம் மரங்களை நோக்காமல் தரையை நோக்கும்படி, இயன்ற அளவு தாழ்வாகப் பொருத்த வேண்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். பெட்டியில், ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவு மட்டுமே உள்ளது. ஒளியில் எஞ்சியுள்ள நீலத்தின் அளவை அது சரியாகச் சொல்லாது. அலைநீள வரைபடத்தையும் அச்சிட்டு, சென்சார் நிலையையே இயல்பு நிலையாக வைத்து விற்றால் நான்காவதையும் தருவேன்.