காந்தமா, பிளேடா? கடல்நீர்த் தொட்டிக் கண்ணாடியில் பாசி எடுக்க எது நல்லது

கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களில் பலர் கண்ணாடி துடைக்க முதலில் வாங்குவது மேக்னட் கிளீனர்தான்: கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஒட்டிக்கொள்ளும் காந்த ஜோடி; வெளிக்காந்தத்தை இழுத்தால் உள்ளே இருப்பது கூடவே நகர்ந்து துடைக்கும். நானும் அதில்தான் தொடங்கினேன். இப்போது என் கை முதலில் தேடுவது நீளக் கைப்பிடி வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடு ஸ்க்ரேப்பரை.

வசதி என்று பார்த்தால் காந்தத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கை நனையாது, வேலையும் சட்டென்று முடியும். அன்றாடம் படியும் மெல்லிய பழுப்பு, பச்சைப் படலத்துக்கு அது தாராளம். ட்ரோக்கஸ், டர்போ நத்தைகளும் நன்றாக மேயும். ஆனால் மேய்ந்த தடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பக்கத்து இடம் அப்படியே கிடக்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

என்னை பிளேடு பக்கம் திருப்பியது கீறல் பயம். பாசியால் கண்ணாடி கெடுவதில்லை. துடைக்கும் பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கும் மணலால்தான் கெடுகிறது. கடல்நீர்த் தொட்டியில் போடும் சுண்ணாம்பு வகை அரகோனைட் மணலின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 4-ஐத் தாண்டாது; கண்ணாடி சுமார் 5.5. இந்தக் கணக்குப்படி கீறல் விழக்கூடாது. ஆனால் மணலில் குவார்ட்ஸ் துணுக்கு ஒன்று கலந்திருந்தாலும் போதும், அதன் கடினம் 7. காந்தத்தின் உள்பக்கப் பட்டை அந்தத் துணுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே நின்று இழுப்பவருக்கு அது தெரியாது. காந்தம் வலுவாக இருக்க இருக்க, துணுக்கைக் கண்ணாடியில் அழுத்தும் விசையும் கூடுகிறது. ஒரே இழுப்பில் மயிரிழைக் கோடு விழுந்துவிடும். அதற்குப் பிறகு பாசி அந்தக் கோட்டுக்குள்ளேயே வேர்விட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும்.

காந்தத்தைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். பட்டையின் ஓரத்தில் ஊதா நிறக் கோரலைன் பாசி சுண்ணாம்பாகப் படிந்து, பட்டை விறைத்துப்போகும். வெளியே எடுத்து விரல் நுனியால் தடவிப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படும்.

பிளேடின் விளிம்பில் மணல் தங்க இடமே இல்லை. அது எங்கே போகிறது, எதன்மேல் உரசுகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. சாய்த்துப் பிடித்து ஒரே சீராகத் தள்ளினால், காந்தம் அசைக்கமுடியாத கோரலைன்கூடச் செதில் செதிலாக உரிந்து விழும். மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிடுவேன். அதற்குக் கீழே சுத்தம் செய்ய வேண்டுமென்றால், முதலில் மணலைக் கண்ணாடியிலிருந்து விலக்கிவிட்டுத்தான் தொடுவேன்.

பிளேடுக்கும் பராமரிப்பு உண்டு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து உலர்த்த வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்புநீரில் நாளாவட்டத்தில் துருப் புள்ளி வரும். துருவோ, விளிம்பில் சிறு நெளிவோ கண்டால் உடனே மாற்றிவிடுங்கள். அந்த நெளிவே கீறும். மூலைகளில் இருக்கும் சிலிக்கான் ஒட்டின் பக்கம் பிளேடைக் கொண்டுபோகவே கூடாது. வெட்டுப்பட்டால் கசிவு வரும். அங்கே ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

அக்ரிலிக் தொட்டி நான் வைத்துப் பழகியதில்லை. அக்ரிலிக் கண்ணாடியைவிட மிக மென்மையானது என்பதால் உலோக பிளேடு அதற்கு ஆகாது. அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிளேடோ மென்பட்டையோ பாருங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் ஹீட்டர், பம்ப் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டிக்குள் கையை விடவேண்டும். கண்ணாடியில் சோவாந்தஸ் பவளம் படர்ந்திருந்தால் அதன்மேல் பிளேடு படவேண்டாம். அந்த இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். உரிந்த பாசி நீரிலேயே அழுகினால் மறுபடி பாசிக்குத்தான் உரமாகும். சுரண்டி முடித்து, மிதப்பதெல்லாம் வடிகட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபில்டர் உறையை மாற்றிவிடுவது என் வழக்கம்.

காந்தத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கண்ணாடியின் மேல் பாதிக்கு மட்டும். வேலை முடிந்ததும் வெளியே எடுத்து, அலசி, உலரவைத்துவிடுகிறேன்.