வேலூரில் உப்பில்லாச் சாப்பாடு: காந்தி ரோட்டுச் சந்து மெஸ்ஸுக்கு ஐந்துக்கு நாலு

கிட்னி நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேலூர் சிஎம்சிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாக்குக்கு ருசியாக நாலு வகை வேண்டும் என்பவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். இந்த மெஸ் அவர்களுக்குப் பிடிக்காது.

எங்களுக்கு ஊர் நாசரேத் பக்கம். என் வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ். மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் கிடந்தோம். 1971-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவையை வெற்றியாகச் செய்த ஆஸ்பத்திரி என்பதால் நாலாபக்கத்திலிருந்தும் ஆள் வருகிறது. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், எல்லை தாண்டி பங்களாதேஷ். சுற்றியுள்ள தெருக்களில் மருந்துக்கடை போர்டுகூட வங்காள எழுத்தில்தான். இத்தனை பேருக்கும் மாத்திரை கிடைத்துவிடும், வைத்தியர் சொன்ன மாதிரி ஒரு வேளைச் சோறுதான் கிடைக்காது.

முதல் வாரம் வேறொரு கடையில் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். வாசலில் ஆளுயரத்துக்கு வேதவசனம், உள்ளே 'ஆஸ்பத்திரி டயட் கிடைக்கும்' என்று அட்டை. ஊற்றியதென்னவோ எல்லோருக்கும் ஊற்றுகிற அதே சாம்பார்தான், வெந்நீர் சேர்த்து. வீட்டம்மாவுக்குக் கால் வீங்கிப்போய் டயட்டீஷியன் அம்மா என்னைப் பிடித்து ஏசினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் இந்தச் சந்து மெஸ்ஸுக்கு வந்தோம்.

பெயர்ப்பலகை கிடையாது. புருஷனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். தமிழர்களுக்கு அந்த அம்மா 'அக்கா', வங்காளத்துக்காரர்களுக்கு 'தீதி'. தகரக்கூரை, நாலு மேசை, பின்னால் அடுப்படி. சுவரில் ஒரு சபைக் காலண்டர், அவ்வளவுதான். நான் போன மாதத்துத் தாளில் இருந்த வசனம், 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்'. உப்பே போடாமல் சமைக்கிற இடத்தில் அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

சமையல் முறையைச் சொல்ல வேண்டும், மற்ற கடைக்காரர்களும் படிக்கட்டும். எதிலும் உப்பு சேர்ப்பதில்லை. சாப்பிட உட்காரும்போது டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினால், அதன்படி சின்னச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் நிறுத்துக் கட்டிய உப்பை இலை ஓரத்தில் வைப்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் வெறும் சோறுதான். சாதாரண ஆளுக்கு மட்டும் உப்புக் கிண்ணம். உருளைக்கிழங்கை, கேரட்டைத் தோல்சீவி, சிறிதாக நறுக்கி, நிறைய வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து அதையும் வடிக்கிறார்கள். பொட்டாசியம் குறைவதற்கு, கிட்னி கெட்டவர்களுக்கு அது உடம்பில் தேங்கினால் ஆபத்து. புளி, தக்காளி கொஞ்சம்தான், புளிப்புக்கு எலுமிச்சை. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வெங்காயச் சட்னி. டயாலிசிஸ் ஓடுகிறவர்களுக்கு மதியம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு.

'இந்துப்பு போடலாமே, அது நல்லதாச்சே' என்று நான் ஒருநாள் சொன்னேன். 'அதுவும் உப்புதான் ஐயா. கடையில விக்கிற சோடியம் கம்மி உப்பு இருக்குதே, அது இன்னும் மோசம். அதுல பொட்டாசியம் கலந்து வச்சிருக்கான்' என்றது அந்த அம்மா. மறுநாள் டயட்டீஷியனிடம் கேட்டேன். அத்தனையும் சரி.

ருசி? ரசம் நன்றாக இருக்கிறது, மிளகும் சீரகமும் பூண்டும் உப்புக் குறையை மறைத்துவிடுகின்றன. பொரியல் சுமார். சாம்பார் என்று ஊற்றுவதைச் சாம்பார் என்று சொல்ல என் திருநெல்வேலி நாக்கு ஒத்துக்கொள்ளாது. இரவில் சப்பாத்தி மிருதுவாக இருக்கும். சாப்பாடு அறுபது ரூபாய், நோயாளிச் சாப்பாட்டுக்கும் அதே அறுபதுதான். கோழியைப் பாய் கடையில்தான் வாங்குகிறார்கள், முர்ஷிதாபாத்திலிருந்து வருகிற முஸ்லிம் குடும்பங்களும் தயங்காமல் உட்கார வேண்டுமே என்று. வங்காள மொழியில் 'நுன் கொம்' என்றால் உப்புக் கம்மி என்று நானே அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

காசு வாங்குகிற விதம் தனி. முன்னால் அக்காவின் புருஷன் அண்ணாச்சியிடம் பணம் கொடுத்து மஞ்சள் டோக்கன் வாங்க வேண்டும். ஒருநாள் அவர் கேஸ் சிலிண்டருக்காக வெளியே போக, என்னைக் கல்லாவில் உட்காரச் சொன்னார். 'யார் கேட்டாலும் டோக்கன் குடுங்க. காசு இல்லைன்னு சொன்னா குடுத்துடுங்க, நோட்டுல எதுவும் எழுதாதீங்க' என்றார். பணம் கொடுத்தவர் கையிலும் கொடுக்காதவர் கையிலும் ஒரே மஞ்சள் அட்டை. பரிமாறுகிற பையனுக்குக்கூட யார் எவர் என்று தெரியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவன் நான். அதை ஒருவர் கல்லாப்பெட்டிக்கு ஏற்றபடி ஏற்பாடாகவே செய்துவைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. காலை ஆராதனைக்கு அக்கா போனால் அண்ணாச்சி அடுப்படியில். சாயங்காலம் அவர் போவார். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஓய்வுநாளில் வியாபாரமா என்று மூக்கைச் சுளிப்பார்கள். ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதை உடனே தூக்கிவிடமாட்டீர்களா என்று லூக்கா 14-இல் கேட்டிருப்பது இவர்களுக்கு மட்டும் ஏனோ நினைவுக்கு வராது. அக்காவிடம் நான் அதையெல்லாம் பேசவில்லை. 'டயாலிசிஸ்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை பசிக்காதா ஐயா?' என்றது, அவ்வளவுதான்.

சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதில்லை, சாப்பிட வந்தவர்களிடம் மதம் பேசுவதில்லை. யாராவது தாங்களாகக் கேட்டால் மட்டும் ஜெபம். வங்காளத்து அம்மாள் ஒருவர் மகனின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தமிழிலேயே ஜெபித்தது. அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் முடியும்வரை கையை விடவில்லை. என் சபையில் சிலர், 'சாப்பாடு போட்டால் மட்டும் போதுமா, சுவிசேஷம் சொல்ல வேண்டாமா?' என்பார்கள். எதிரில் நிற்கும் ஆஸ்பத்திரியை மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கினார். அதன் குறிக்கோள், ஊழியம் கொள்ளும்படியல்ல, ஊழியம் செய்யும்படி என்பது. இந்த மெஸ் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததல்ல, ஆனால் அதே வாக்கியத்தைத்தான் உருளைக்கிழங்கில் எழுதிக்கொண்டிருக்கிறது என்பேன்.

சரி, குறைகள். முதல் குறை, அக்காவின் வாய். அன்பென்றால் தேன் ஒழுகும் பேச்சு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பொட்டாசியம் நிறைந்த இளநீரைக் குடிக்க ஆசையாக இருக்கிறது என்று என் வீட்டம்மா சொல்லப்போக, 'குடிங்க, நாளைக்கு ஐசியூல பாக்கலாம்' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டது. வீட்டம்மா இரண்டு நாள் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றாள். நான்தான் டிபன் கேரியரில் வாங்கிப் போனேன். இரண்டாவது, விடிகாலையில் காய் நறுக்கும்போது ஸ்பீக்கரில் கீர்த்தனை போடுகிறார்கள். எனக்குப் பழகியதுதான், ஆனால் மேல்மாடி லாட்ஜில் தூங்காமல் கிடக்கிற நோயாளிக்கு அது தொந்தரவு. சொன்னேன், குறைத்தார்கள், மறுவாரம் பழையபடி ஏறிவிட்டது. இப்படி நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புள்ளி குறைத்தது இதற்குத்தான்.

வாசலில் இரண்டு படி உயரம், கைப்பிடி இல்லை. சக்கர நாற்காலி ஏறாது, பையனைக் கூப்பிட்டால் சோற்றை வெளியே கொண்டுவந்து தருவான். காபி, டீ கிடையாது. நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வைத்தியர் அளவு வைத்தவர்களுக்கு அதுவும் நல்லதற்கே. ஜிபே உண்டு.

போகிறவர்கள் முதல் நாளே டயட்டீஷியன் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆணியில் குத்தி வைத்துக்கொள்வார்கள், தினம் காட்ட வேண்டியதில்லை. பார்சலுக்குப் பாத்திரம் உங்களுடையதுதான். துணைக்கு வந்தவர்கள் ஊறுகாய் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து திறக்காதீர்கள், அக்கா பிடுங்கி வைத்துவிடும். இரவு ஏழரைக்குள் போங்கள். அதற்கு மேல் சப்பாத்தி தீர்ந்து கஞ்சிதான் மிஞ்சும்.