பேச்சிப்பாறையில் தூண்டில் போடலாம் என்று 8,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை ஏமாந்தோம். மூன்று நாளாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டு அலைந்துவிட்டு, வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

துபாயிலிருந்து லீவில் வந்த மச்சானுக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைப் பக்கம் தூண்டில் போட ஆசை. குளச்சல்காரன், கடல் மீன் அலுத்துவிட்டதாம். அப்போதுதான் போனில் ஒரு டூர் விளம்பரம் வந்தது. நாலு பேருக்குப் படகு, மதியச் சாப்பாடு, 'அரசு உரிமம்' எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய்.

கூப்பிட்டேன். எடுத்தவன், "எந்த ஊரு மக்கா? தக்கலையா? எங்க அம்மைக்க ஊரும் அங்கதான். பேப்பர் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். வெளியூர்க்காரன் பேசியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நம்ம ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் முழுத் தொகையையும் ஜிபேயில் போட்டுவிட்டேன்.

அரைமணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் உரிமம் வந்தது. முத்திரை, கையெழுத்து, வரிசை எண் எல்லாம் இருந்தன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இரண்டு சிற்றாறு அணைகள், தேரூர் குளம் என எல்லா இடத்துக்கும் அந்த ஒரே சீட்டு செல்லுமாம். தேரூர் குளம் பறவைகள் வரும் இடம், 2022-இல் ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே டூர்க்காரன் தூண்டில் போட உரிமம் தருகிறான் என்றால் அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அதைவிடக் கூத்து, அதில் 'பேச்சுப்பாறை' என்று அச்சடித்திருந்தது. அதையும் மச்சான்தான் அணைக்கரையில் நின்று கண்டுபிடித்தான்.

காலை ஆறு மணிக்குப் போனோம். படகும் இல்லை, ஆளும் இல்லை. அங்கிருந்த மீன் குத்தகைக்காரரின் ஆள் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இங்க மீன் பிடிக்கிற உரிமை குத்தகைக்கு எடுத்தவங்களுக்குத்தான். ஊர்க் குளம்னா அதுக்கு வேற ஏலம். அந்தப் பக்கம் காட்டுக்குள்ள போனா வனத்துறை கேஸ் போடும். எல்லாத்துக்கும் ஒரே பேப்பரு யாரு தருவா?" என்றார். நாலு பேரும் தூண்டில் பையோடு நின்றோம். திரும்பும் வழியில் குலசேகரத்தில் பரோட்டா சாப்பிட்டோம், அதுவும் என் காசு.

அன்று மதியம் அவனைக் கூப்பிட்டால், "ஆபீசர் மாறிட்டாரு, ரெண்டு நாள் பொறுங்க." மறுநாள், "உரிமக் கட்டணம் அரசாங்கத்துக்குப் போயாச்சு, திருப்ப முடியாது." அப்புறம் ஒரு பெண் எடுத்து, "டீம்கிட்ட சொல்லியிருக்கோம் சார்" என்றார். காசு வாங்கும்வரை மக்கா, காசைக் கேட்டதும் சார். நேற்று மாலை என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். 8,500 ரூபாய்! மச்சான் தருகிறேன் என்கிறான். வாங்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். குளமென்றால் குத்தகை யார் கையில் என்று பஞ்சாயத்தில் விசாரியுங்கள். காட்டுப் பக்கம் வனத்துறையிடம் கேட்காமல் போகவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் உரிமத்தை நம்பி முன்பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல மூன்று நாள் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

மனைவியின் போனில் இன்று காலை அதே விளம்பரம் வந்தது. இப்போது 7,999 ரூபாயாம்.