அடினோவைரஸ் மாத்திரை: கடிக்காமல் விழுங்குகிறவர்களுக்கு மட்டும்

எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இது கிடைக்காது. 17 முதல் 50 வயது வரையுள்ள அமெரிக்க ராணுவத்தினருக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட தடுப்பு மருந்து. பெரும்பாலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்து இறங்கும் ரெக்ரூட்டுகளுக்குத்தான் போகிறது. ஊசி கிடையாது. இரண்டு மாத்திரை, ஒரே தடவை. வெள்ளை மாத்திரை, காய்ச்சலும் இருமலும் தரும் அடினோவைரஸ் என்ற கிருமியின் 4-ஆம் வகைக்கு, வெளிறிய பீச் நிறத்தது 7-ஆம் வகைக்கு.

உள்ளே இருப்பது வீரியம் குறைக்காத, உயிருள்ள வைரஸ். இதே வைரஸ் மூக்கு, தொண்டை வழியாகப் புகுந்தால் ஒரு கூடத்தில் படுக்கும் அத்தனை பேருக்கும் காய்ச்சல், இருமல். குடலில் இறங்கினாலோ சத்தமில்லாமல் பெருகி எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிவிடும். அதற்காகத்தான் இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சு. மருந்தின் சாமர்த்தியமெல்லாம் அந்தப் பூச்சில்தான், வில்லங்கமும் அதில்தான். கடித்தாலோ நசுக்கினாலோ வைரஸ் வாயிலேயே வெளிவந்துவிடும். எந்த நோயைத் தடுக்க வந்ததோ அதையே ஊட்டிவிட்ட கதை. இரண்டையும் தண்ணீரோடு முழுசாக விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று கொடுக்கக் கூடாது, தள்ளிப்போட வேண்டும். பாட்டில்கள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வெளியே எடுக்கக் கூடாது.

பலன் எப்படி? ஃபோர்ட் ஜாக்சன், கிரேட் லேக்ஸ் என்ற இரண்டு பயிற்சி முகாம்களில் சுமார் 4,000 ரெக்ரூட்டுகளிடம் நடந்த சோதனையில், 4-ஆம் வகைக் காய்ச்சலை 99 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. தடுப்பு மருந்துகளில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

குறை மருந்தில் இல்லை, சப்ளையில். 1971 முதல் வழக்கமாகக் கொடுத்துவந்த பழைய மாத்திரையைச் செய்தது ஒரே கம்பெனி. அது 1990களின் நடுவில் கையை விரித்தது. 1999-இல் கையிருப்பும் தீர்ந்தது. காய்ச்சல் திரும்பிவந்தது. 2000-இல் இலினாய் மாநிலத்தில் ஆரோக்கியமான இளம் ரெக்ரூட்டுகள் இருவர் இறந்தார்கள். புதிய மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 2011 மார்ச்சில்தான்.

விழுங்கியவரின் மலத்தில் 28 நாள் வரை வைரஸ் வெளியேறலாம். கழிப்பறை போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, எடுத்துக்கொண்ட பெண்கள் ஆறு வாரம் கருத்தரிக்கக் கூடாது. தலைவலி, மூக்கடைப்பு சிலருக்கு வரும்.

ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணை இது தடுக்காது. அதற்கு இடுப்புக்குக் கீழே போடும் பென்சிலின் ஊசி தனி: 12 லட்சம் யூனிட், கூழ் மாதிரி கெட்டி. ரெக்ரூட்டுகள் வாயில் அதன் பெயர் ‘பீநட் பட்டர் ஷாட்’. போட்ட பக்கம் உட்கார முடியாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊசி வரிசையில் நிற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு மாற்று மருந்து உண்டு.